தனித்தனியாகச் செய்து ஒட்டினால் தோள்பட்டை பல்லிளிக்கிறது. எங்கே தப்பு?

பாம்பன்_வாடை:

வணக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு பாம்பனில் வீட்டோடுதான் இருக்கிறேன். அப்பா மீன் பிடிக்கப் போட்டில் போகிறவர், இப்போது மீன்பிடித் தடைக்காலம், அதனால் 61 நாளும் வீடு நிறைய ஆள், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எனக்கு லேப்டாப் முன்னால் உட்கார முடிகிறது. ஆறு மாதமாக பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் ஸ்கல்ப்டிங், அதாவது கம்ப்யூட்டரிலேயே உருவம் செதுக்குவது, பழகுகிறேன். தலை மட்டும் என்றால் ஓரளவு வந்துவிடும். முழு உருவம் செய்யலாம் என்று இறங்கியதில்தான் சிக்கல்.

செய்ய நினைப்பது, கடல்பாசி எடுக்கப் போகிற ஒரு பெண். எங்கள் சித்தி போகிறவர், சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து மனதில் அப்படியே பதிந்திருக்கிறது. சேலைக்கு மேல் முழுக்கை சட்டை, முகத்தில் முக்குளிக்கிற கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை.

காசு கட்டிச் சேர்ந்த ஓர் இணைய வகுப்பில் தலை, மார்பு, இடுப்பு, கை, கால் என்று உருண்டை உருண்டையாகத் தனித்தனியே செய்யச் சொன்னார்கள். அது வரைக்கும் நன்றாகத்தான் போனது. கடைசியில் வாத்தியார் "இப்போது ஒட்டிவிடலாம்" என்று சொல்கிறார், அடுத்த காட்சியில் எல்லாம் ஒட்டி முடிந்து மழமழவென்று நிற்கிறது. நடுவில் என்ன செய்தார் என்று காட்டவே இல்லை.

நான் கண்ட்ரோல் ஜே போட்டுச் சேர்த்து ரீமெஷ் (எல்லாவற்றையும் ஒரே மேல்பரப்பாகத் திரும்பப் பின்னுவது) கொடுத்தேன். தோள்பட்டை திருவிழாக் கடை பிளாஸ்டிக் பொம்மை மாதிரி கையைத் தனியே செருகியது போலவே இருக்கிறது. விரல்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வாத்துக்கால் ஆகிவிட்டன. வாக்ஸல் அளவு, அதாவது ரீமெஷ் பின்னுகிற கட்டத்தின் அளவு, 0.01 வைத்திருந்தேன். இது போக, வலது கையில் செதுக்கினால் இடது கையில் வரவில்லை, சிம்மெட்ரி போட்டுத்தான் இருக்கிறது. தொடையில் பிரஷ் வைத்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நீளமாக விழுகிறது. லேப்டாப் 8 ஜிபி, கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, உப்புக்காற்றில் நாலு பொத்தான் வேறு வேலை செய்யவில்லை. படம் இணைத்திருக்கிறேன், சிரிக்காமல் பாருங்கள்.


தொண்டிக்காரன்:

ப்ரோ, எதற்கு இந்தக் கசாப்புக்கடை வேலை? ஒரே உருண்டையை எடு, டைனமிக் டோபாலஜி (இழுக்கிற இடத்தில் தானாகப் புதுக் கட்டம் சேர்க்கும்) ஆன் பண்ணு, ஸ்னேக் ஹூக் பிரஷால் கையையும் காலையும் வெளியே இழு. ஒட்டுகிற பிரச்சினையே வராது. துண்டு துண்டாகச் செய்து பழகினவன் உருவத்தை முழுசாகப் பார்க்கவே கற்றுக்கொள்வதில்லை, மூக்கு அழகாக இருக்கும், ஆள் அழகாக இருக்க மாட்டான். அளவுக்கு நம்ம சிற்பிகள் கணக்கு இருக்கிறதே, நவதாலம், ஒன்பது தலை உயரம், அதை வைத்து நிறுத்து.


மண்டபத்தாள்:

தம்பி, படம் பார்த்தேன், சிரிக்கவில்லை. முகம் நல்லாவே வந்திருக்கிறது. நான் சென்னையில் கேம் கம்பெனி ஒன்றில் கேரக்டர் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் மண்டபம். நீங்கள் கேட்டதில் நாலு வேறு வேறு பிரச்சினை கலந்து கிடக்கிறது, ஒன்றொன்றாகப் பிரிக்கிறேன்.

முதலில் தொடையில் பிரஷ் இழுக்கிற விஷயம், அது ரொம்பச் சின்னது. உருண்டையை ஆப்ஜெக்ட் மோடில் ஒரு பக்கம் மட்டும் நீட்டித்தானே தொடை ஆக்கினீர்கள்? நமக்குத்தான் அது நீண்ட தொடை, பிளெண்டர் கணக்கில் இன்னும் உருண்டைதான், அதனால் பிரஷும் அதோடு சேர்ந்து நீள்கிறது. கண்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள் (நீட்டிய அளவையே உண்மையான அளவாகப் பதிவது), சரியாகிவிடும். ரீமெஷ் கொடுப்பதற்கு முன்னாலும் இதைச் செய்யாவிட்டால் வாக்ஸல் கணக்கும் தப்பும்.

சிம்மெட்ரி வராததும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். சிம்மெட்ரி என்பது அந்தந்தத் துண்டின் மையப்புள்ளியை வைத்து வேலை செய்கிறது. வலது கையின் மையம் வலது கைக்குள்ளேயே இருந்தால் அது முழங்கையின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும்தான் ஒன்றாக்கும், இடது கை இருப்பதே அதற்குத் தெரியாது. ஒரு கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். கண்ட்ரோல் ஏ-யில் எல்லாவற்றையும் அப்ளை செய்தால் மையப்புள்ளி உலகின் நடுவுக்கு வந்துவிடும், அப்புறம் மிரர் மாடிஃபையர் போடுங்கள். இடது கை தானாக நிற்கும், கம்ப்யூட்டருக்கும் பாதிச் சுமை.

இனி விரல். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்கிறேன், ஏனென்றால் வாக்ஸல் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள்தான் அதிகம். 0.01 என்றால், மீட்டர் கணக்கில், ஒரு சென்டிமீட்டர் கட்டம். விரல் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன், இரண்டு விரலுக்கு நடுவே இடைவெளி அரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு சென்டிமீட்டர் கட்டத்துக்கு அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது, அடைத்துவிடும். உங்கள் வாத்துக்கால் அப்படி வந்ததுதான். கட்டத்தைச் சின்னதாக்கினால் தீரும், ஆனால் பாதியாக்கும் ஒவ்வொரு தடவையும் முகங்களின் (மேல்பரப்பை மூடுகிற சின்னச் சின்னத் தட்டைகளின்) எண்ணிக்கை நாலு மடங்காகும். மனித உடம்பின் மேல்பரப்பு ஏறக்குறைய 1.7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.005-இல் சுமார் 68,000, 0.0025-இல் 2,72,000. உங்கள் 8 ஜிபி இதைத் தாங்கும். அதற்கு மேல் முழு உடம்பையும் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை, கைக்கு மட்டும் 0.002 வைத்தால் போதும். துண்டாக வைத்திருப்பதன் பெரிய லாபமே இதுதான், எங்கே நுணுக்கம் வேண்டுமோ அங்கே மட்டும் செலவழிக்கலாம். அப்புறம் விரல்களை விரித்து வைத்துச் செதுக்குங்கள், மூடுவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அக்குளும் அப்படித்தான், கையை உடம்போடு ஒட்டவைத்துச் செய்தால் ரீமெஷ் அதையும் சேர்த்துத் தைத்துவிடும்.

தோள்பட்டைக்கு வருகிறேன். இங்கே உங்கள் தப்பு ஒட்டியதில் இல்லை, வெட்டியதில். கையை உருளை மாதிரி செய்து, தோள் முடிகிற இடத்தில் நிறுத்தி, உடம்பின் பக்கவாட்டில் ஒட்டவைத்திருக்கிறீர்கள். நம் உடம்பில் அப்படி ஒரு கோடு கிடையாது. தோளை மூடியிருக்கிற முக்கோணத் தசை முன்பக்கம் கழுத்தெலும்பிலும் பின்பக்கம் தோள்பட்டை எலும்பிலும் தொடங்கி, மேல்கையின் நடுவரைக்கும் இறங்கி வருகிறது. அதை முழுசாகக் கையோடு சேர்த்துச் செய்யுங்கள், ஒரு தொப்பியைக் கவிழ்த்த மாதிரி. மார்புத் தசை அதற்கு அடியில் போய்ச் சொருகும். அந்த இரண்டுக்கும் நடுவே உண்மையாகவே ஒரு பள்ளம் உண்டு, உங்கள் ஒட்டு அந்தப் பள்ளத்தில் விழட்டும். கழுத்தும் அப்படியே, காதுக்குப் பின்னாலிருந்து கழுத்தெலும்புக்கு இறங்குகிற தசையை நடுவில் அறுக்காமல் கழுத்து முழுவதையும் தலையோடு வையுங்கள். துண்டுகள் ஒன்றையொன்று தொட்டால் போதாது, நாலு விரற்கடை உள்ளே புதைந்திருக்க வேண்டும். ரீமெஷ் உள்ளே மறைந்ததைத் தூக்கிவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் எந்தத் துண்டிலும் ஓட்டை திறந்திருக்கக் கூடாது. மல்டிரெஸ் (அடுக்கடுக்காக நுணுக்கம் கூட்டுகிற மாடிஃபையர்) போட்டிருந்தால் ரீமெஷ் நடக்காது, முதலில் அதை அப்ளை செய்யுங்கள்.

@தொண்டிக்காரன், ஒரே உருண்டையில் இழுப்பது தப்பு என்று சொல்ல மாட்டேன், முழுசாகப் பார்க்கப் பழக வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் கற்றுக்கொள்கிற ஆளுக்குக் கால் குட்டையாகிவிட்டது என்று பாதியில் தெரிந்தால், துண்டாக இருந்தால் பிடித்து நகர்த்திவிடலாம். இழுத்த காலை நீட்டினால் தசை எல்லாம் ரப்பராகிவிடும். தாலம் பற்றி ஒரு திருத்தம்: தாலம் என்பது தலை அல்ல, முகம், நெற்றி முடி தொடங்குமிடத்திலிருந்து முகவாய் வரைக்கும். ஒரு தாலம் 12 அங்குலம், நவதாலம் 108 அங்குலம். (இது சிற்ப சாஸ்திர அங்குலம், டேப்பில் இருக்கிற இஞ்ச் இல்லை.) ஒன்பது முகம் என்றால், உச்சியையும் சேர்த்துத் தலைக் கணக்கில் பார்க்கும்போது ஏழுக்கு மேல் ஏழரைக்குள்தான் வரும். தம்பி ஒன்பது தலை வைத்தால் சித்தி தென்னைமரம் ஆகிவிடுவார்.


தொண்டிக்காரன்:

அக்கா, முகம் தலை வித்தியாசம் இன்றைக்குத்தான் தெரிந்தது, சரி, வாபஸ். என் பழைய உருவங்கள் எல்லாம் ஏன் ஒட்டடைக்குச்சி மாதிரி நிற்கின்றன என்று இப்போது புரிகிறது. ஆனால் டைனமிக் டோபாலஜியை விடமாட்டேன்.


மண்டபத்தாள்:

விட வேண்டாம், தலைக்கு நானும் ஒரே உருண்டைதான். நவதாலத்தில் உங்களுக்கு உடனே உதவுகிற ஒன்று சொல்கிறேன், தொடை இரண்டு தாலம், முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரைக்கும் இரண்டு தாலம். இரண்டும் சமம். துண்டாகச் செய்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கீழ்க்காலைக் குட்டையாக்கி விடுகிறார்கள், நானும் செய்திருக்கிறேன்.


வேளார்_பேரன்:

நான் தேவிபட்டினம் பக்கம். கம்ப்யூட்டரில் செதுக்குவது இரண்டு வருடமாகத்தான், ஆனால் துண்டாகச் செய்து ஒட்டுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், தாத்தா அய்யனார் கோயிலுக்குப் புரவி செய்கிறவர். நாலு காலையும் முதலில் பானை மாதிரி சக்கரத்தில் தனித்தனியே இழுத்துவிடுவார், உள்ளே கூடாகத்தான் இருக்கும். அதை நிறுத்திக் கொஞ்சம் இறுகவிட்டு, மேலே வயிறு, அப்புறம் கழுத்து, தலை எல்லாவற்றுக்கும் கடைசி. மண்ணில் மணலும் உமியும் கலந்திருக்கும்.

ஒட்டுகிற நேரத்தில் தாத்தா பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், இரண்டு பக்கமும் ஒரே ஈரமா என்று. புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஒரு பக்கம் காய்ந்து இன்னொரு பக்கம் பச்சையாக இருந்தால் காயும்போது பச்சைப்பக்கம் சுருங்கி ஒட்டு பிளந்துவிடும். பிறகு இரண்டு முகத்தையும் கீறி, குழைத்த மண்ணைப் பூசி, அழுத்தி, பலகையால் தட்டுவார். நான் பிளெண்டரில் இதையேதான் செய்கிறேன். தலை ஐந்து லட்சம் முகம், உடம்பு பத்தாயிரம் என்று இருந்தால் ஒட்டினதும் கோடு தெரியத்தான் செய்யும், எவ்வளவு ஸ்மூத் போட்டாலும். அதனால் ஒட்டப்போகிற இரண்டையும் முதலில் ஒரே வாக்ஸல் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் சேர்த்து, ஒட்டில் களிமண் பிரஷால் குறுக்குமறுக்காக நாலு பட்டை போட்டு, அதற்குப் பிறகுதான் ஷிஃப்டை அழுத்தித் தேய்க்க வேண்டும். வெறும் ஸ்மூத் மட்டும் தேய்த்தால் ஒட்டு மறையாது, பள்ளம்தான் விழும். முகத்தில் துளைகள், சுருக்கம் எல்லாம் ஒட்டுக்கு முன்னால் செய்தால் வீண், ரீமெஷில் கரைந்துபோகும்.

இன்னொன்று. குதிரைக் கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் தாத்தா என்ன செய்வார் தெரியுமா? மணிமாலை போட்டுவிடுவார். சின்னப் பையனாக இருந்தபோது அது அலங்காரம் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டதற்கு, "ஒட்டு இருக்கிற இடத்துல மணி, மணி இருக்கிற இடத்துல ஒட்டு" என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். நீங்கள் செய்கிற பெண் முழுக்கை சட்டை போட்டிருக்கிறார். தோள்பட்டை வெளியே தெரியவே போவதில்லை. யாரும் பார்க்கப்போகாத ஒட்டுக்காக ராத்தூக்கம் கெடுத்திருக்கிறீர்கள்!


பாம்பன்_வாடை:

ஐயோ. உண்மைதான். இதை ஒரு ஆள் சொல்ல வேண்டியதாகிவிட்டதே.

அப்படிப் பார்த்தால் மணிக்கட்டில் சட்டைக் கை முடிகிறது, விரலில் துணி, கழுத்தில் காலர், இடுப்புக்குக் கீழே சேலை. வெளியே தெரிகிற தோல் முகமும் கழுத்தும் உள்ளங்கையும் பாதமும்தான். அப்போது எதையுமே ஒட்ட வேண்டாமா?


மண்டபத்தாள்:

வேளார் அண்ணனின் தாத்தா சொன்னது தங்கம். ஆனால் தம்பி, உடனே உடம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சட்டை தானாக நிற்காது, உள்ளே இருக்கிற தோளின் மேல் தொங்குகிறது. தோள் தப்பாக இருந்தால் மடிப்பு தப்பாக விழும், பார்க்கிறவர்களுக்கு எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்துவிடும். அதிலும் நனைந்த சட்டை. காய்ந்த துணியில் எதையும் மறைத்துவிடலாம், ஈரத்துணி தோளிலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 0.01-இலேயே உடம்பை ஒட்டுங்கள், வழவழப்பு வேண்டாம், பருமனும் நிலையும் சரியாக இருந்தால் போதும். அதன் மேல் சட்டை வருகிற இடத்துக்கு மாஸ்க் போட்டு எக்ஸ்ட்ராக்ட் செய்து (குறித்த பகுதியைத் தனித் துண்டாகப் பிரித்து) சட்டையை எடுங்கள். கை, பாதம், தலை மூன்றும் கடைசிவரைக்கும் தனித்தனியே இருக்கலாம், மணிக்கட்டு சட்டைக்குள் இரண்டு விரற்கடை போயிருக்கட்டும். மணிக்கட்டு உருளை இல்லை என்பதையும் மறக்க வேண்டாம், தட்டையான முட்டை வடிவம்.

எனக்கு ஒரு சந்தேகம், உருவம் நிற்கிறதா, தண்ணீருக்குள் இருக்கிறதா?


பாம்பன்_வாடை:

தண்ணீரில்தான் அக்கா, இடுப்பளவு ஆழத்தில் குனிந்து, ஒரு கை கீழே. நிமிர்ந்து செய்துவிட்டு அப்புறம் பிளெண்டரில் உள்ளே எலும்புக்கூடு போட்டு வளைக்கலாம் என்று நினைத்தேன்.


மண்டபத்தாள்:

அனிமேஷன் வேண்டுமென்றால் அதுதான் வழி. ஒரே ஒரு நிலைதான் என்றால் ஒட்டுவதற்கு முன்னாலேயே துண்டுகளைத் திருப்பி நிலையை அமைத்துவிடுங்கள், இடுப்பைத் திருப்பினால் மார்பு எதிர்ப்பக்கம் சாய்வது துண்டாக இருக்கும்போதுதான் கண்ணுக்குப் பளிச்சென்று படும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் தொடக்கத்தில் துண்டாகச் செய்கிறேன். ஆனால் நிலையை மாற்றுவதற்கு முன் மிரர் மாடிஃபையரை அப்ளை செய்து இரண்டு கையையும் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கையைக் கீழே விட்டால் மற்றதும் கூடவே போகும்.


கீழக்கரை_காக்கா:

தாமதமாக வருகிறேன். நான் ரெசின் பிரிண்டர் (திரவப் பிசினை இறுகவைத்து உருவம் அச்சடிக்கிற மெஷின்) வைத்துச் சின்னச் சிலைகள் எடுத்துக்கொடுக்கிறேன். தம்பி இதைப் பிரிண்ட் எடுக்க நினைத்தால் (எடுக்காமல் இருக்க மனசு வராது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்) துண்டாக வைத்திருப்பது வேறொரு விதத்தில் உதவும். கை, தலை, பை தனியே அச்சடித்து ஒட்டலாம். ஒரு துண்டில் முளை, அடுத்ததில் குழி, குழியை ஒவ்வொரு பக்கமும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே போகாது. முளையைச் சதுரமாக வையுங்கள், வட்டமாக இருந்தால் கை சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே கூடாக்கினால் சுவர் 2 மில்லிமீட்டர், அடியில் இரண்டு ஓட்டை கட்டாயம், இல்லையென்றால் காயாத ரெசின் உள்ளே தங்கிப் பிறகொரு நாள் வெடித்து ஒழுகும். வேளார் தம்பி, உங்கள் தாத்தா குதிரையிலும் ஓட்டை விடுவார்தானே?

வலைப்பைதான் யோசிக்க வேண்டியது. 160 சென்டிமீட்டர் ஆளை 20 சென்டிமீட்டருக்குக் குறைத்தால் எட்டில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் நூல் 0.125 மில்லிமீட்டர் ஆகிவிடும், அச்சடிக்கும்போது தாங்கி நிற்கிற சப்போர்ட் குச்சிகளை எடுக்கும்போதே பிய்ந்து கையோடு வரும். உண்மையான அளவு வேண்டாம், நூலை ஐந்தாறு மடங்கு தடிப்பாக்கிக் கண்ணியை அகலமாக்குங்கள். அல்லது வலையை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற பாசிக்குவியலைச் செதுக்கி மேலே வலைத்தடத்தை மட்டும் கீறுங்கள்.


வேளார்_பேரன்:

விடுவார் காக்கா, வயிற்றில். சூளையில் உள்ளே இருக்கிற ஆவி வெளியே போக வழி இல்லாவிட்டால் குதிரை தெறித்துவிடும். ரெசினும் அதே கதைதான் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.


பாம்பன்_வாடை:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். உடம்பை அக்கா சொன்ன மாதிரி தோள்தசையைக் கையோடு வைத்து வெட்டி 0.01-இல் ஒட்டினேன், கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் மேலே சட்டை வந்ததும் ஆள் நிற்கிறது. கை 0.002, விரல்கள் பிரிந்தே இருக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன்.

நேற்று சித்தியிடம் காட்டினேன். முகத்தைப் பார்க்கவே இல்லை. "பை இப்படித் தொங்காதுடா, தண்ணிக்குள்ள பின்னால மிதக்கும்" என்றார். அப்புறம் கையைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, துணி எல்லா விரலிலும் ஒரே மாதிரி சுற்றியிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டிவிரலிலும்தான் தடிப்பாக வேண்டுமாம், மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்ப்பது அந்த இரண்டு விரல்தான், மற்றதில் பழைய துணி ஒரு சுற்று போதுமாம். நான் ஒரு விரலுக்குச் செய்து மீதி நாலுக்கும் காப்பி போட்டிருந்தேன். துண்டாக இருந்ததால் அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டேன்.

இப்போது ஒரே ஒரு சந்தேகம். பாசிக்கொத்து. கஞ்சிப்பாசியை ஒவ்வொரு கிளையாகச் செதுக்கினால் லேப்டாப் படுத்துவிடுகிறது.


மண்டபத்தாள்:

சட்டை முதுகு அருமை. பாசியை யாராவது செதுக்குவார்களா தம்பி? கர்வ் எடுத்து ஐந்து கிளை வரையுங்கள், தடிமன் கொடுங்கள், அதையே ஆல்ட் டி போட்டு இருபது தடவை திருப்பித் திருப்பி வையுங்கள். ஆல்ட் டி என்றால் ஒரே மூல வடிவத்தைத்தான் எல்லாமும் பகிர்ந்துகொள்ளும், ஷிஃப்ட் டி போட்டால் ஒவ்வொன்றும் தனிப் பாரம். அதையும் உடம்போடு ஒட்டிவிடாதீர்கள்.


பாம்பன்_வாடை:

ஆல்ட் பொத்தான்தான் அக்கா உப்பில் போனது. வலது பக்கத்து ஆல்ட் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.